நாலு நாள் வேலை ஓகே... ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

“வாரத்துக்கு நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு” என்றால் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பிரிட்டனில் சோதனை வெற்றி, ஜப்பானில் விற்பனை உயர்வு, இந்தியாவிலும் புதிய தொழிலாளர் சட்டங்களில் இதற்கு வழி இருக்கிறது என்றெல்லாம் செய்தி வரும்போது ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் கைதட்டல்தான். “நம்ம ஹெச்.ஆர். கண்ணுல இதெல்லாம் படாதா?” என்ற பெருமூச்சும் சேர்ந்து வரும்.

தமிழ்நாட்டில் இந்த யோசனை ஏற்கெனவே ஒருமுறை சட்டப்பேரவை வரைக்கும் வந்திருக்கிறது. அங்கே நிறைவேறிய பத்தே நாளில் திரும்பியும் போய்விட்டது. அந்தப் பத்து நாளில் நடந்ததைப் பார்த்தாலே சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2023 ஏப்ரலில் என்ன நடந்தது?

2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகள் சட்டத்தில் 65ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதா பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. திமுகவின் கூட்டணிக் கட்சிகளான இடதுசாரிகளும் விசிகவும் எதிர்த்து வெளிநடப்பே செய்தன. அரசு தரப்பு விளக்கம் இதுதான்: வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது. தொழிலாளி விரும்பினால் அதை நாலு நாளில் முடித்துவிட்டு, மீதி மூன்று நாளும் சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொள்ளலாம். அதுவும் எல்லா ஆலைகளுக்கும் கிடையாது. குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டும்.

48-ஐ நாலால் வகுத்தால் 12. அவ்வளவுதான், “12 மணி நேர வேலை மசோதா” என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. ஏப்ரல் 24 அன்று மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். சரியாக நூறு வருஷத்துக்கு முன்பு, 1923 மே 1-ல், இதே சென்னைக் கடற்கரையில்தான் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். திட்டம் போட்டு வைத்தாலும் தேதி இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

என்னைக் கேட்டால், அந்த மசோதாவில் கவனிக்க வேண்டியது 12 என்ற எண் அல்ல. எந்தெந்தப் பிரிவுகளிலிருந்து விலக்கு என்ற பட்டியல்தான். 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்கு தர அரசுக்கு அதிகாரம் கேட்டது 65ஏ. ஒவ்வொன்றும் என்ன?

51: வாரத்துக்கு 48 மணி நேர உச்சவரம்பு. 52: வார விடுமுறை. 54: நாளைக்கு 9 மணி நேரம். 55: ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரை மணி நேரமாவது இடைவேளை. 56: இடைவேளையும் சேர்த்து நாளைக்குப் பத்தரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். 59: கூடுதல் நேர வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம்.

48 மணி நேரத்தை நாலு நாளில் முடிப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் 54-ஐயும் 56-ஐயும் தளர்த்தினாலே போதும். “48 மாறாது” என்று சொல்லிவிட்டு, அந்த 48-ஐச் சொல்கிற 51-ஐ ஏன் பட்டியலில் சேர்க்க வேண்டும்? ஓ.டி. இரட்டிப்புச் சம்பளத்தில் ஏன் கை வைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கடைசிவரை வரவில்லை.

ஒரே பெயர், இரண்டு வேறு திட்டங்கள்

“நாலு நாள் வேலை” என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு விஷயங்கள் உலாவுகின்றன. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது, வேலை நேரத்தையே குறைப்பது. நாளைக்கு 8 மணி நேரம், நாலு நாள், மொத்தம் 32. சம்பளம் மட்டும் குறையாது. பிரிட்டனில் 2022 ஜூன் முதல் டிசம்பர் வரை 61 நிறுவனங்கள், ஏறக்குறைய 2,900 ஊழியர்களோடு சோதித்துப் பார்த்தது இந்த வகையைத்தான். மணிக்கணக்கை எப்படிக் குறைப்பது என்பதை நிறுவனங்களின் வசதிக்கு விட்டார்கள். சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்பது நிபந்தனை. சோதனை முடிந்ததும் 56 நிறுவனங்கள் தொடரப்போவதாகச் சொல்லின. ஜப்பானில் மைக்ரோசாஃப்ட் 2019 ஆகஸ்டில் வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸை மூடியபோது, ஓர் ஊழியருக்கான விற்பனை முந்தைய ஆண்டைவிட 40 சதவீதம் உயர்ந்ததாக அறிவித்தது. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை நடந்த சோதனையையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். உண்மையில் அங்கே வாரம் 40 மணி நேரம் 35, 36 ஆகக் குறைந்ததே தவிர, எல்லாருக்கும் ஒரு நாள் லீவு கூடவில்லை.

இரண்டாவது, நேரத்தைக் குறைக்காமல் அடுக்கி வைப்பது. பெல்ஜியம் 2022-ல் கொண்டுவந்தது இது. அங்கே வழக்கமான 38 மணி நேரத்தை நாலு நாளில் முடிக்கலாம், நாளைக்கு ஒன்பதரை மணி நேரம். தமிழ்நாடு யோசித்ததும் இந்த வகைதான், ஆனால் 48 மணி நேரத்தோடு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் மத்திய அரசின் தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை வைத்து “இந்தியாவிலும் நாலு நாள் வேலை” என்று வருகிற செய்திகளும் இதையே சொல்கின்றன: வாரம் 48-க்குள், நாளைக்கு 12 வீதம் நாலு நாள்.

பெல்ஜியத்துக்காரர் அடுக்குவது 38-ஐ. நாம் அடுக்குவது 48-ஐ. வாரத்துக்குப் பத்து மணி நேர வித்தியாசத்தை மறைத்துவிட்டு “ஐரோப்பாவுல பண்றாங்க, நமக்கு என்ன?” என்று கேட்பது நியாயமில்லை.

12 மணி நேரம் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

ஆனால் 12 மணி நேர ஷிஃப்டை எல்லாத் தொழிலாளர்களும் வெறுப்பார்கள் என்று சொன்னால் அதுவும் பொய்.

செஞ்சிப் பக்கம் தளவானூர் மாதிரி ஒரு கிராமத்திலிருந்து போய், ஒரகடத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. சனி இரவு கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ்ஸைப் பிடித்து, திண்டிவனம் தாண்டி செஞ்சியில் இறங்கி, அங்கிருந்து ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதித் தூக்கம் போய்விடும். ஞாயிறு ராத்திரியே திரும்பக் கிளம்ப வேண்டும். மூணு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தால் மல்லாட்டை பிடுங்குகிற சமயத்தில் அப்பாவுக்கு ஒத்தாசை பண்ணலாம், கமிட்டிக்கு நெல் மூட்டை ஏற்றும்போது கூட நிற்கலாம். ரூமில் சும்மா கிடப்பதற்குப் பதிலாக நாலு நாள் கூடுதலாக நின்று உழைத்துவிட்டு ஊருக்குப் போவதே மேல் என்று அவன் சொன்னால், அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

அதே லைனில் பக்கத்தில் நிற்கிற அக்காவின் கணக்கு வேறு. கிராமத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். போக ஒன்றரை, வர ஒன்றரை என்று வைத்தாலே 12 மணி நேர ஷிஃப்ட் அவருக்கு 15 மணி நேரம். மீதி ஒன்பதில் சமையல், துணி, பிள்ளையின் ஹோம்வொர்க், தூக்கம் எல்லாம். திங்கள் முதல் வியாழன் வரை பிள்ளை முழித்திருக்கும் நேரத்தில் அம்மா வீட்டில் இருக்கவே மாட்டார். வெள்ளிக்கிழமை கிடைக்கிற லீவைக் கொண்டுபோய் செவ்வாய்க்கிழமை தூக்கத்தில் சேர்க்க முடியாது.

“விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்” என்ற சமாதானம் இங்கேதான் உடைகிறது. அசெம்பிளி லைன் ஒரே நேரத்தில் ஓடும், ஒரே நேரத்தில் நிற்கும். பையனுக்கு 12, அக்காவுக்கு 8 என்று ஒரே லைனைப் பிரிக்க முடியாது. ஷிஃப்ட் மாறினால் எல்லாருக்கும் மாறும். ஒப்பந்தத் தொழிலாளி “எனக்கு விருப்பமில்லை” என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதமும் அதே கேட்டில் நுழைய முடியுமா என்பது அவருக்கே தெரியும். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்களே, சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு நாள் இரவு பகலாக ஓடும் ஆலையில் இப்போது எட்டு மணி நேரம் வீதம் மூன்று ஷிஃப்ட், மூன்று குழு. 12 மணி நேரமாக மாற்றினால் நாளைக்கு இரண்டு ஷிஃப்ட். ஆறு நாளுக்கு 12 ஷிஃப்ட். ஒரு குழு நாலு ஷிஃப்ட் பார்த்தால் மறுபடியும் மூன்று குழு வேண்டும். அதாவது 48 என்ற வரம்பு உண்மையிலேயே இருந்தால் ஆள் குறைப்பும் இல்லை. கம்பெனிக்கு பஸ் டிரிப் குறையும், ஷிஃப்ட் மாற்றும் நேரம் மிச்சம், அவ்வளவுதான். வரம்பு தளர்ந்தால் கதை மாறிவிடும். அதே 12 ஷிஃப்டை இரண்டே குழு ஆளுக்கு ஆறாகப் பார்க்கலாம். வாரம் 72 மணி நேரம். மூன்றாவது குழு வீட்டுக்குப் போகும். அதனால்தான் 51, 59 இரண்டும் பட்டியலில் இருந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போ 32 மணி நேரம் சாத்தியமா?

ஐ.டி.யில், டிசைனில், அக்கவுண்ட்ஸில் சாத்தியம் என்றே நினைக்கிறேன். ஒன்பது மணி நேர லாகினில் எத்தனை மணி நேரம் உண்மையான வேலை, எத்தனை மணி நேரம் “இந்த மீட்டிங் ஒரு மெயில்ல முடிஞ்சிருக்குமே” ரகம் என்பது இதைப் படிக்கிற உங்களுக்கே தெரியும். பிரிட்டன் சோதனையில் மீட்டிங்கைக் குறைத்துத்தான் பல நிறுவனங்கள் ஒரு நாளை மீட்டன. ஆனால் அவை எல்லாம் தாமாக முன்வந்த நிறுவனங்கள் என்பதை மறக்கக் கூடாது. விருப்பமில்லாத முதலாளியிடம் இதே பலன் கிடைக்கும் என்பதற்கு அந்தச் சோதனை சாட்சி சொல்லாது. க்ளையன்ட் அமெரிக்காவில் இருந்தால் வெள்ளிக்கிழமை லீவு அன்றைக்கும் போன் அடிக்கும் என்பது தனிக்கதை.

தொழிற்சாலையில் நிலைமை வேறு. அங்கே வெட்டுவதற்கு மீட்டிங் இல்லை. மெஷின் ஓடினால்தான் சரக்கு. 48 மணி நேரச் சம்பளத்தை 32-க்குக் கொடுத்தால் ஒரு மணி நேர வேலையின் செலவு ஒன்றரை மடங்கு. பெரிய கார் கம்பெனி ஒருவேளை தாங்கும். அதற்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற அம்பத்தூர் பட்டறை தாங்காது.

கடை, ஆஸ்பத்திரி, ஹோட்டல், பஸ் இவையெல்லாம் இன்னும் கஷ்டம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து செஞ்சிக் கோட்டைக்கும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்து கிடைத்தது. சென்னை ஐ.டி.காரர்களுக்கு மூணு நாள் வீக்கெண்ட் வந்தால் ராஜகிரி ஏறவும், அப்படியே தளவானூரில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலைப் பார்க்கவும் கூட்டம் வரும். நல்லதுதான். அந்தக் கூட்டத்துக்கு டீ போடுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், லாட்ஜில் ரூம் கூட்டுகிறவர் ஆகியோருக்கு அந்த மூணு நாள்தான் அதிக வேலை. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண்கள் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. அவர்களிடம் போய் நாலு நாள் வேலை பற்றிப் பேசினால் சிரித்துவிட்டு அடுத்த புடவையை விரிப்பார்கள்.

48-க்கு வயது 80

நாட்களின் எண்ணிக்கையைவிட இந்த 48-தான் என்னை உறுத்துகிறது. 1922-ல் இந்தியத் தொழிற்சாலைகளில் வாரம் 60 மணி நேரம். 1934 சட்டத்தில் அது 54 ஆனது. அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1946-ல் 48 ஆனது. கால் நூற்றாண்டில் 12 மணி நேரம் குறைந்தது. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ரோபோ வந்தது, ஏ.ஐ. வந்தது, 48 மட்டும் அசையவில்லை. போதாக்குறைக்கு 2023-ல் நாராயண மூர்த்தி 70 மணி நேரம் என்றார், 2025-ல் எல் அண்ட் டி தலைவர் 90 வரைக்கும் போனார். வாரத்துக்கு 55 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்ப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-லேயே சொல்லிவிட்டன.

என் கருத்து, முதலில் இந்த 48-ஐ 44 ஆகவும் பிறகு 40 ஆகவும் குறைப்பது பற்றிப் பேச வேண்டும். நாலு நாளா, ஐந்து நாளா என்பதை அதற்கப்புறம் அந்தந்தத் தொழிலின் வசதிக்கு விட்டுவிடலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்கு 1985-ல் ஐந்து நாள் வாரம் வந்தபோதும் தினசரி நேரத்தை நீட்டித்தான் சனிக்கிழமையை விட்டார்கள். இப்போது ஐந்து நாள் வேலை கேட்கும் வங்கி ஊழியர்களும் அதற்கு ஈடாக தினமும் 40 நிமிடம் கூடுதலாக வேலை பார்க்கத் தயார் என்கிறார்கள். 40 நிமிடம் என்றால் சமாளிக்கலாம். நாளைக்கு நாலு மணி நேரம் என்றால்?

உங்கள் கம்பெனியிலிருந்து “இனிமே நாலு நாள்தான்” என்று மெயில் வந்தால் ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம், ஐந்தாவது நாள் கூப்பிட்டால் அதற்கு என்ன சம்பளம், ஹவுஸ்கீப்பிங் அண்ணனுக்கும் செக்யூரிட்டிக்கும் அந்த மெயில் பொருந்துமா.