கரணை பிடிக்கும் கையில் சான்றிதழும் ஏறட்டும்!

“படிப்பு ஏறவில்லையா? கல்லும் மண்ணும் சுமக்கப் போ!” பத்தாம் வகுப்பில் தவறிய பிள்ளையின் தலைமீது நம் நாட்டில் வீசப்படும் சாபம் இது. மாடி மனை வேண்டும், மணிமண்டபம் வேண்டும், பாலம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும். ஆனால் அவற்றை எழுப்பும் தொழில் மட்டும் தோற்றவனுக்கு விதிக்கப்படும் தண்டனையாம்! மூளை உயர்வு, கை தாழ்வு எனப் பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த பழைய அநீதியின் குரலன்றோ இது?

தோழர்களே! புதியதொரு பாட்டும் இன்று கேட்கிறது. “தமிழ்நாட்டு இளைஞர் வியர்வை சிந்த மறுக்கின்றனர், ஆகவேதான் வடபுலத்திலிருந்து ஆள் வருகிறது” என்கின்றனர் ஒப்பந்தக்காரர்கள். இளைஞன் மறுப்பது வியர்வையை அன்று. ஏற வழியில்லாத ஏணியின் அடியில் வாழ்நாளெல்லாம் நிற்பதை! பதினைந்து வயதில் வேலைத்தளத்திற்கு வருபவனுக்குத் தொழில் கற்பிப்பவர் யார்? கொத்தனார் மனமிரங்கினால் கரணை கைக்கு வரும். இல்லையேல் கலவைச் சட்டிதான். பெண்ணுக்கோ அந்த இரக்கமும் கிட்டுவது அரிது. அவளுக்குப் பின் வந்த சிறுவன் கொத்தனாராகித் தூக்குக்குண்டு பிடிக்கிறான். சித்தாளாக வந்தவளோ சித்தாளாகவே நரைக்கிறாள்.

பாதுகாப்பு உண்டா? தொழிலாளர் போராடியதன் பயனாய் 1994-இல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. ஆனால் வாரியத்தில் பதிவு பெறப் 18 வயது நிரம்ப வேண்டும். 15 வயதில் பள்ளியை விட்டுச் சாரம் ஏறியவன் கதி என்ன? மூன்றாண்டுக் காலம் வாரியத்தின் ஏட்டில் அவன் பெயர் இல்லை. சாரம் சரிந்தால், அவன் அங்கே உழைத்தான் என்று சொல்ல ஒரு துண்டுத் தாளும் இல்லை!

2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்களைக் குடித்தது. ஆந்திரத்திலிருந்து வந்தவர், ஒடிசாவிலிருந்து வந்தவர், தமிழர் எனப் பார்த்தா அந்தச் சுவர் விழுந்தது? வடபுலத் தொழிலாளி நம் பகைவன் அல்லன். கேட்க நாதியற்ற கூலியைத் தேடி அலையும் இலாப வேட்டையே நம் பகை.

“குலக்கல்வியை எதிர்த்தவர்கள், பிள்ளைகளைக் கொத்து வேலைக்கு அனுப்பச் சொல்லலாமா?” எனச் சிலர் குறும்பாகக் கேட்கக்கூடும். கேட்கட்டும்! 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொணர்ந்த திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. 2023-இல் நடுவணரசு கொணர்ந்த விசுவகர்மா திட்டமோ, கொத்து வேலையும் தச்சு வேலையும் உள்ளிட்ட 18 தொழில்களைக் ‘குடும்ப வழித் தொழில்’ என்றே வரையறுத்தது. 2024-இல் தமிழ்நாட்டு அரசு அதனை அப்படியே ஏற்க மறுத்ததன் காரணம் இதுவே. நாம் எதிர்த்தது தொழிலை அன்று. தொழிலைப் பிறப்போடு கட்டிய கயிற்றை! கொத்தனார் மகள் மருத்துவராகட்டும். எழுத்தர் மகன் விரும்பினால் கொத்தனாராகட்டும். விருப்பம் வழி காட்டட்டும், விதி அன்று!

அந்த வழி எங்கே? தொழிற்பயிற்சி நிலையத்தில் இருக்கிறது. கொத்து வேலை, தச்சு வேலை, குழாய்ப் பணி ஆகியவற்றுக்கு ஓராண்டு. மின்பணிக்கும் கட்டடப் படவரைவுக்கும் ஈராண்டு. பத்தாம் வகுப்பில் தேறி ஈராண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டிலேயே நேராகச் சேரலாம். வேலைத்தளத்தில் கிடைக்காத ஏணி இதுவே! 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் உதவித்தொகையோடு தொழில் பழக வழி வகுத்தது.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. அரசுப் பணத்தில் கட்டடம் எழுப்பும் ஒப்பந்தக்காரர், பழகுநரை அமர்த்தியே தீர வேண்டும் என ஒப்பந்தத்திலேயே எழுதுக! கொத்துப் பயிற்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்குக! ஆண்டுக்கணக்கில் அனுபவம் பெற்றும் சான்றில்லாதோரைத் தேர்ந்து சான்றளிக்க ஊர்தோறும் ஏற்பாடு செய்க!

கோரிக்கை எழுப்பியதோடு நம் கடமை முடிந்துவிடாது, தோழர்களே! தேர்வு முடிவு வெளியாகும் நாளில், தவறிய பிள்ளையின் வீட்டுக்கு மேஸ்திரி போகுமுன் நீங்கள் போங்கள். முதலில் மறுதேர்வு எழுதச் செய்யுங்கள். தொழில்தான் வேண்டும் என்றால், பயிற்சி நிலையத்தின் வாயில்வரை உடன் செல்லுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். வேலைத்தளத்தில் 18 வயது நிரம்பியோரை வாரியத்தில் பதிவு செய்யுங்கள்.

ஊருக்கெல்லாம் வீடு கட்டுவோனுக்கு வாழ்வு கட்டித் தருவது நம் கடன். அந்த அடித்தளம் பள்ளி வாயிலில் தொடங்கட்டும்!