பெட்டி பாடக் கூடாது

ஒற்றசேகரமங்கலம் முதல் பாறசாலை வரையுள்ள எல்லையூர்களில் மரத்துக்குப் பஞ்சமில்லை. வீட்டு விளைகளில் பலாவும் அயனியும் தேக்கும் நிற்கின்றன; வைரம் பாய்ந்த மரத்தைக் கண்ணாலேயே மதிப்பிடும் தச்சர்களும் இருக்கின்றனர். விலையுயர்ந்த ஒலிபெருக்கி டிரைவர்களை வரவழைத்து, வீட்டில் நல்ல இசை கேட்க விரும்பும் ஒருவருக்கு இத்தகைய ஊரில் முதலில் தோன்றும் எண்ணம் எளிதில் ஊகிக்கக்கூடியதே. வீணை பலாவில் ஆனது, மிருதங்கமும் பலாவில் ஆனது, செண்டையும் அவ்வாறே. ஒலிபெருக்கிப் பெட்டியும் பலாவில் அமைந்தால் இசை மேலும் இனிக்காதா? கேட்பதற்கு இனிய இவ்வாதம் அடிமுதல் நுனிவரை பிழையானது. அப்பிழைக்கு விலையாக ஒரு மரமும், பல ஆண்டுச் சேமிப்பும், ஒரு தச்சரின் நற்பெயரும் போகின்றன.

வீணையின் குடம் எதற்காகக் குடையப்படுகிறது? தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கித் தன் குரலில் பெருக்கித் தருவதற்காக. குடத்தின் குரலே வீணையின் குரல். ஒலிபெருக்கியின் பணி இதற்கு நேர் எதிரானது. பதிவில் உள்ள வீணை ஏற்கெனவே தன் பலாவோடு பாடி முடித்துவிட்டது. அதன்மேல் இன்னொரு பலா பாடினால் அது இசையன்று, குறுக்கீடு. வீணையோடு நில்லாமல், வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் மனிதக் குரலுக்கும் அப்பெட்டி தன் ஒரே நிறத்தைப் பூசிவிடும். இசைக்கருவியின் உடல் பேச வேண்டும். ஒலிபெருக்கியின் பெட்டி வாய்மூடி நிற்க வேண்டும்.

பெட்டிச் சுவரின் அதிர்வு அற்பமானது என்று ஒதுக்கவும் இயலாது. ஆறரை அங்குல டிரைவர் ஒன்றின் கூம்பு ஏறத்தாழ 135 சதுர செ.மீ. பரப்புடையது. அது அமரும் 13 லிட்டர் பெட்டியின் உட்சுவர்களோ 3,300 சதுர செ.மீ.க்கு மேல், அதாவது சுமார் 25 மடங்கு. இத்தனை பெரிய பரப்பு தலைமுடியளவுகூட அசைய வேண்டியதில்லை. அதனினும் மிகச் சிறிய அசைவே செவிக்கு எட்டிவிடும்.

ஆனால் மரத்தைப் பற்றிய இவ்விவாதமே இரண்டாவது கேள்வி. முதற்கேள்வி பெட்டியின் கொள்ளளவு. அதை மரமும் தீர்மானிப்பதில்லை, அழகுணர்ச்சியும் தீர்மானிப்பதில்லை. டிரைவரோடு வரும் அளவைத்தாள் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் வெளியிட்ட கட்டுரையும், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தெழுதிய கட்டுரைகளும் பெட்டியமைப்பை ஊகத்திலிருந்து கணக்குக்கு மாற்றின. ஒத்ததிர்வு எண் 30 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.35, வி.ஏ.எஸ். 40 லிட்டர் என்று ஒரு டிரைவருக்குக் குறித்திருந்தால், அதை 13 லிட்டர் மூடிய பெட்டியில் வைக்கலாம். ஒலி 60 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கி, அதன்பின் மெல்லச் சரியும். அதே டிரைவரை ஏறத்தாழ 30 லிட்டர் குழாய்ப் பெட்டியில் வைத்தால் 35 ஹெர்ட்ஸ் அருகுவரை இறங்கும். ஆனால் அதற்குக் கீழே இருமடங்கு வேகத்தில் சரியும், குழாயின் சுருதிக்குக் கீழே கூம்பு பிடியற்று ஆடும்.

எது உயர்ந்தது என்னும் கேள்வி இங்குப் பொருளற்றது. எதற்கு என்பதே கேள்வி. ஒரு கட்டைச் சுருதியில் மீட்டப்படும் ஆண்குரல் தம்புராவின் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். கருநாடக இசை கேட்கும் சிற்றறைக்கு மூடிய பெட்டி போதும். தேவாலய ஆர்கனின் அடிநாதமோ திரைப்படத்தின் இடிமுழக்கமோ வேண்டுவோர் குழாய்ப் பெட்டியை நாடலாம். இக்கணக்கைச் செய்யாமல் "பெரிய பெட்டி, நல்ல பேஸ்" என்று தச்சரிடம் சொல்பவர், அளவெடுக்காமல் சட்டை தைக்கச் சொல்பவர்.

இனி மரம். ஆனி, ஆடியில் ஒரு மழையும் ஐப்பசியில் மறுமழையும் பெய்யும் ஊர் இது. அறுத்த மரப்பலகை ஈரத்தில் குறுக்குவாட்டில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாட்டில் ஏறத்தாழ அசையாது. இந்த ஏற்றத்தாழ்வு பெட்டியின் மூட்டுகளை இழுக்கும். மூட்டில் மயிரிழை விரிசல் விட்டாலும் காற்று கசியும். மூடிய பெட்டி மூடிய பெட்டியாக இராது. எம்.டி.எஃப். பலகை அமைதியானது, ஆனால் ஓரத்தில் ஈரம் பட்டால் ஊதிவிடும். இடையில் வெற்றிடமில்லாத நல்ல பிளைவுட்டே இத்தட்பவெப்பத்துக்கு ஏற்றது. 18 மி.மீ. பலகை, உள்ளே குறுக்குச் சட்டங்கள், சுவரில் தணிப்புப் பூச்சு ஆகியவை சேர்ந்தால் பெட்டி அடங்கும். பெரும்பாவூரில் ரப்பர் மரத்திலிருந்தே பிளைவுட் ஆகிறது. எனவே உள்ளூர் மரத்தின்மீது பற்றுடையோர் வருந்தவும் காரணமில்லை.

மரப்பற்றாளர் ஒரு மறுப்பை எழுப்புவர்: பி.பி.சி.யின் புகழ்பெற்ற எல்.எஸ். 3/5ஏ மெல்லிய சுவருடைய பெட்டியன்றோ? உண்மையே. ஆனால் அதன் 12 மி.மீ. பிர்ச் பிளைவுட் பாடுவதற்காக மெலியவில்லை. சுவரின் ஒத்ததிர்வைக் கீழிறக்கி, பிட்டுமென் தகடுகளால் அதை அடக்குவதே நோக்கம். ஹார்வுட் முதலானோர் 1977-இல் வெளியிட்ட பி.பி.சி. ஆய்வறிக்கை இவ்வழியையே அளந்து காட்டுகிறது. மெல்லிய சுவரும் தடித்த சுவரும் தேடுவது ஒரே மௌனத்தைத்தான்.

பலாவின் அழகை விரும்புவது குற்றமன்று. அந்த அழகு மேலே ஒட்டும் மெல்லிய வெனீரிலேயே முழுமையாகக் கிடைக்கும். இரண்டு பெட்டிகளுக்காக முற்றிய மரம் ஒன்றை வெட்ட வேண்டியதில்லை. தச்சரிடம் மரத்தைக் கொடுத்துவிட்டு, அளவைத்தாளைத் தன் அலமாரியில் பூட்டி வைப்பதே குற்றம். கொள்ளளவும் குழாய் நீளமும் கையில் கிடைத்தால் அரை மி.மீ. பிசகாமல் செய்யக்கூடிய கைகள் அவை. எண்களைக் கொடுக்காமல் வேலை வாங்கி, ஒலி கெட்டதும் "ஆசாரிக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வது அறமாகாது.

பலா விளையில் நிற்கட்டும், முற்றியபின் வீணையாகட்டும். பெட்டிக்கு வேண்டியது கணக்கும் மௌனமுமே.