நம்பினார் கைவிடப்படாரா?

வருஷா வருஷம் டிசம்பர் மாதம் வந்தால் கிறிஸ்தவர் வீட்டு வாசல்களில் காகித நக்ஷத்திரம் தொங்குகின்றது. கோயில்களில் பாதிரிமார்கள் பிரசங்கம் செய்கின்றார்கள். அந்தப் பிரசங்கங்களின் சாரமெல்லாம், "கவலைப்படாதீர்கள், கர்த்தரை நம்புங்கள், நம்பினவர்களை அவர் கைவிடமாட்டார்" என்பதேயாகும். பண்டிகையைப் பற்றி நமக்கு ஆக்ஷேபணையில்லை. ஏழை எளியவர்கள் வருஷத்தில் ஒரு நாளாவது நல்ல சோறு தின்று புதுத்துணி உடுத்துவதை நாம் ஏன் தடுக்க வேண்டும்? ஆனால் "நம்புங்கள்" என்கின்ற அந்த ஒரு வார்த்தையைப் பற்றி நமக்குக் கேள்வி உண்டு. பத்து ரூபாய் கடன் கொடுக்கின்றவன்கூட, வாங்குகின்றவனுடைய நாணயம் எப்படி என்று நாலு பேரிடம் விசாரிக்கின்றான். அப்படியிருக்க, உயிரையும் பெண்டு பிள்ளைகளையும் ஒப்படைக்கச் சொல்லுகின்றபோது மாத்திரம் விசாரிக்கக் கூடாதா?

விசாரிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. நமது புவனகிரியைத் தொட்டுக்கொண்டு ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் போய்க் கடலில் விழுகின்றது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அதாவது கிறிஸ்துமசுக்கு மறுநாள், அந்தக் கடல்தான் எழும்பிக் கரையேறி வந்தது. அன்று காலை சுமார் 6.30 மணிக்கு சுமத்ரா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. நமது கரையில் அலை ஏறியதோ ஏறக்குறைய 9 மணிக்கு. கடலூர் ஜில்லாவில் 600 பேருக்கு மேலும், நாகப்பட்டினம் ஜில்லாவில் 6,000 பேருக்கு மேலும் மாண்டார்கள். மாண்டவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம்.

தோழர்களே! நடுவில் இருந்த அந்த இரண்டரை மணி நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லாம் அறிந்தவர் என்று சொல்லப்படுகின்ற கடவுளுக்கு அலை புறப்பட்ட சங்கதி தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் அவர் எல்லாம் அறிந்தவரல்ல. தெரியும் என்றால், கரையில் விளையாடிய குழந்தைகளை "ஓடிப்போ" என்று சொல்ல அவருக்கு ஒரு வாய் கிடைக்கவில்லையா?

கடவுள் அப்படியெல்லாம் முன்கூட்டிச் சொல்லுகின்ற வழக்கமில்லை என்று பாதிரிமார்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. ஏனெனில் கிறிஸ்துமஸ் கதையிலேயே அந்த வழக்கம் இருக்கின்றது. ஏரோது ராஜா குழந்தையைக் கொல்லத் தேடுகின்றான் என்று தேவதூதன் யோசேப்புக்குச் சொப்பனத்தில் சொன்னானாம். ஏசுக் குழந்தை எகிப்துக்குத் தப்பிப் போயிற்றாம். பெத்லகேமில் வெட்டுண்ட மற்றக் குழந்தைகளின் தகப்பன்மார்களுக்கு அந்தச் சொப்பனம் ஏன் வரவில்லை? அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்ததெல்லாம் டிசம்பர் 28-ந் தேதி ஒரு திருநாள்தான்.

இனி வேளாங்கண்ணியைப் பார்ப்போம். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகளை மாதா கடலிலிருந்து காப்பாற்றினாள் என்பதே அந்தக் கோயிலின் பெருமை. அப்பேர்ப்பட்ட ஊரில், பண்டிகைக்காக வந்த யாத்ரீகர்களில் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்ற பல நூறு பேரை அலை வாரிக்கொண்டு போயிற்று. கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லையாம், அது அற்புதமாம்! அன்று மாலுமிகளுக்கு இரங்கிய மாதா, இன்று தன்னை நம்பித் தன் வாசலுக்கே வந்தவர்களைக் கைவிட்டுக் கட்டடத்தைக் காப்பாற்றினாள் என்பதா அற்புதம்? பிழைத்தவனுக்குக் கடவுள் கிருபை, செத்தவனுக்கு அவனவன் பாவம் என்கின்றார்கள். லாபத்தையெல்லாம் கடவுள் பேரிலும் நஷ்டத்தையெல்லாம் மனிதன் பேரிலும் எழுதுகின்ற கணக்குப்பிள்ளையை எந்தக் கடையிலாவது ஒரு நாள் வைத்திருப்பார்களா?

இந்தக் கணக்கு புதிதல்ல. 1755-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி, சகல பரிசுத்தவான்கள் திருநாளன்று, போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரில் பூகம்பம் வந்து, பூசையிலிருந்த ஜனங்கள் மேலேயே கோயில்கள் இடிந்து விழுந்தன. அப்போதும் மலக்ரிடா என்கின்ற பாதிரியார், இது பாவத்துக்குத் தண்டனை, வீடு கட்டுகின்ற வேலையைவிட ஜெபமே முக்கியம் என்று எழுதினார். மந்திரி பொம்பால் அவரை ஊரை விட்டு அனுப்பிவிட்டு நகரத்தைக் கட்டினார்.

இதைப் படித்துவிட்டு நமது இந்து ஆஸ்திகர்கள் சிரிக்க வேண்டாம். அலை வந்த நாள் மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசன காலம். கூத்தாடுகின்ற சாமியும் வாய் திறக்கவில்லை. ராகவேந்திரர் பிறந்த ஊர் என்று பெருமை பேசுகின்ற நமது புவனகிரி ஆஸ்திகர்களுக்கும், நாகூர் தர்காவை நம்புகின்றவர்களுக்கும் இதே கேள்விதான்.

அப்படியானால் அன்று காப்பாற்றியது எது? புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்ற மீனவர் கிராமத்திற்கு, சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர்க்காரர் ஒருவர் சேதி அறிந்து டெலிபோனில் சொன்னார். கடல் நிலவரம் சொல்லுவதற்காக அங்கே வைத்திருந்த ஒலிபெருக்கியில் ஊரார் கூவினார்கள். 3,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் ஓடிப் பிழைத்தார்கள். சுமத்ராவுக்கு வெகு அருகிலுள்ள சிமியுலு தீவில், 1907-ல் வந்த அலையின் கதையைப் பாட்டிமார்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பூமி அதிர்ந்தவுடன் ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். முக்கால் லட்சம் பேருக்கு மேல் உள்ள தீவில் இறந்தவர் ஏழு பேர்தான். பிச்சாவரத்து அலையாத்திக் காடு, தனக்குப் பின்னாலிருந்த குப்பங்களில் அலையின் வேகத்தைத் தணித்ததாக ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள். எல்லாம் அறிந்த கடவுள் செய்யாததை ஒரு கூலிக்காரனும், ஒரு கிழவியும், ஒரு மரமும் செய்தன!

சர்க்காரும் அன்று சொல்லவில்லையே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் சர்க்காரை ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கப்பால் மறுபடியும் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது. கடற்கரைகளிலிருந்து ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள். கேள்வி கேட்கப்பட்டவன் திருந்துகின்றான். கேள்வியே கேட்கப்படாத கடவுள் 2004-ல் இருந்தபடியேதான் இருக்கின்றார்.

அலைக்குப் பிறகு கிறிஸ்தவ சங்கத்தார் பலர் துணியும் மருந்தும் கொடுத்ததையும், பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாத்தார் சோறு சமைத்துப் போட்டதையும் நாம் மறைக்கவில்லை, மனமாரப் பாராட்டுகின்றோம். ஆனால் சோறு வானத்திலிருந்து விழவில்லை. மனிதன் சமைத்தான், மனிதன் சுமந்தான், மனிதன் பரிமாறினான். அந்தப் பெருமையை அவனிடமிருந்து பிடுங்கிக் கடவுளுக்குச் சூட்டுவது யோக்கியமா?

ஆகவே கிறிஸ்தவத் தோழர்களே, இந்தப் பண்டிகையிலும் "நம்புங்கள்" என்று பாதிரியார் சொல்லும்போது, "ஐயா, அந்த இரண்டரை மணி நேரம் அவர் எங்கே இருந்தார்?" என்று மரியாதையாகவே கேளுங்கள். பதில் வருகின்ற வரையில் உங்கள் நம்பிக்கையை வானிலைச் சேதி மேலும், கரையோரத்து மரத்தின் மேலும், பக்கத்து வீட்டுக்காரன் மேலும் வையுங்கள். கோயில், மசூதி, மாதா கோயில் எதுவானாலும், அதன் ஒலிபெருக்கி புயல் நாளில் ஊருக்கு எச்சரிக்கை சொல்லட்டும். அந்த ஒரு காரியத்திற்காகவாவது அவை இருந்து தொலையட்டும் என்று நாமும் சம்மதிப்போம்.