பரீட்சைக்குக் காதல்! வீட்டுக்கு ஜாதி!

கடலூர், சிதம்பரம் பக்கங்களில் தமிழ் படிக்கும் கல்லூரிப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள். குறிஞ்சி என்றால் புணர்தல், முல்லை என்றால் இருத்தல், மருதம் என்றால் ஊடல், நெய்தல் என்றால் இரங்கல், பாலை என்றால் பிரிதல் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். "சரியப்பா, இந்தப் பாட்டுகள் உன் தங்கை கல்யாணத்துக்கு என்ன வழி சொல்லுகின்றன?" என்று கேட்டால் விழிப்பார். அவர்மேல் குற்றமில்லை. அந்தக் கேள்வியை அவருடைய வாத்தியார் அவரிடம் கேட்டதில்லை. வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் கேட்டதில்லை.

நாம் பண்டிதர்களல்ல. இந்நூல்களை உரையோடு வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லுக்கு அகராதி புரட்டி, நாமாகவே படித்தவர்கள். ஆகவே இலக்கண நுட்பம் பேச நாம் வரவில்லை. இப்பாட்டுகளால் மக்களுக்கு ஆகவேண்டிய காரியம் என்ன என்பதுதான் நம் கேள்வி.

தமிழ்ப் படிப்பில் சிதம்பரம் சாமான்யமான ஊரல்ல. 1937-இல் குறுந்தொகையை உரையோடு வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், அதற்கு முன் 1924 முதல் 1927 வரை அவ்வூரில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராயிருந்தவர். 1929-இல் ஏற்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில்தான் நாவலர் சோமசுந்தர பாரதியார் தமிழ்ப் பேராசிரியராயிருந்தார். தொல்காப்பியப் பொருள் பகுதிக்குப் புத்துரை கண்டவர் அவர். 'தமிழ்க் காதல்' எழுதிய வ. சுப. மாணிக்கனாரும் அங்கே கற்பித்தவரே. காதல் பாட்டை இவ்வளவு ஆராய்ந்த ஊர் வேறு எத்தனை உண்டு?

நிற்க. அப்பாட்டுகளில் என்னதான் இருக்கிறது? எட்டுத்தொகையில் ஐந்து தொகைகள் முழுக்க அகத்தைப் பற்றியவை. குறுந்தொகையில் மட்டும் கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள். அவற்றில் தலைவன் உண்டு, தலைவி உண்டு, தோழி உண்டு, தாய் உண்டு. ஆனால் காதலர்களுடைய பெயர் கிடையாது. அகப்பாட்டில் காதலர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் இல்லாததால் படிக்கிறவர் எவரும் அதைத் தம் கதையாகக் கொள்ளலாம். நம் ஊரிலோ ஒரு வாலிபன் புதிதாக வந்து நின்றால் முதலில் பெயர், அடுத்தபடி தகப்பன் பெயர், அதற்கும் அடுத்தபடி எந்தத் தெரு என்று கேட்கிறோம். எதற்காகக் கேட்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று பாருங்கள். காதலால் பெண் இளைத்துப் போகிறாள். முருகன் பிடித்துக்கொண்டான் என்று நம்பித் தாய் பூசாரியாகிய வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள், ஆட்டுக்குட்டி பலியாகிறது. நோய் இன்னதென்று அறிந்த தோழியோ, கடவுளாகவே இருக்கட்டும், இதற்குப் போய் வந்து நிற்கிறவன் விவரம் தெரியாதவன்தான் என்று முருகனையே கேலி செய்கிறாள். இப்படி ஒரு பாட்டு நற்றிணையில் இருக்கிறது. இன்றைக்கும் பெண்ணுக்கு மனக்கவலை என்றால் வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகும் தாய்மார்களுக்கு இதை எந்தத் தமிழ்ப் புலவர் எடுத்துச் சொன்னார்?

கல்யாண விஷயம் எப்படி? அகநானூற்றில் 86-ஆம் பாட்டும் 136-ஆம் பாட்டும் பழந்தமிழ்க் கல்யாணத்தைக் காட்டுகின்றன. பந்தல் உண்டு, பரப்பிய மணல் உண்டு, விருந்துச் சோறு உண்டு. 86-ஆம் பாட்டில் பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். ஓமப் புகையும் இல்லை. புரியாத மந்திரமும் இல்லை. ஆனால் நல்ல நாள் பார்த்த செய்தி அவற்றில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லுகிறோம்.

ஏனென்றால், பழையது என்பதற்காக ஒன்றைக் கும்பிடுவது நம் வேலையல்ல. தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்த் திரும்புவதும், மனைவி சற்று ஊடிப் பின் கதவு திறப்பதும் மருதப் பாட்டுகளில் ஏராளம். மனைவி அப்படிப் போய்த் திரும்பினால் கதவு திறக்குமா? இது ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதியல்லவா? காதலர்க்கு வேண்டிய பத்துப் பொருத்தங்களைச் சொல்லப் புகுந்த தொல்காப்பியம், முதலில் வைப்பது பிறப்பை. அடிமைகளும் ஏவல் செய்வோரும் ஐந்திணைக் காதலுக்கு உரியவரல்லர் என்று அவர்களை வெளியே நிறுத்தியதும் அந்த இலக்கணந்தான். உழைக்கிறவனுக்கு உள்ளம் இல்லையா என்று வகுப்பில் எந்தப் பிள்ளையாவது எழுந்து கேட்டால், அன்றைக்குத்தான் அந்த வகுப்பில் பாடம் நடந்தது என்போம்.

குற்றங்கள் இப்படி இருந்தாலும், பெண்ணும் ஆணும் தாமே கண்டு, தாமே கூடுவதை அப்பாட்டுகள் பழிக்கவில்லை. ஊர் தூற்றுவதுண்டு, வீட்டில் பெண்ணை அடைத்து வைப்பதுமுண்டு. அப்பொழுது தோழியே உடன்போக்குக்கு வழி செய்கிறாள். வழியில் வேறு பகைவர் வந்தால் எதிர்த்து நிற்பேன், உன் வீட்டார் வந்தால் ஒளிந்துகொள்வேன் என்று காதலன் சொல்லும் பாட்டு நற்றிணையில் உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள்மேல் கை ஓங்க அவனுக்கு மனமில்லை. கலித்தொகையிலோ, தேடிவந்த செவிலியிடம் வழியில் கண்ட பெரியவர்கள் பேசுகிறார்கள். சந்தனம் மலைக்குப் பயன்படுமா, முத்து கடலுக்குப் பயன்படுமா என்று கேட்டு, பெண் செய்தது அறமே என்று தேற்றித் திருப்பி அனுப்புகிறார்கள். செவிலி அழுதாள். ஆனால் அவள் கையில் விஷக் கிண்ணம் இல்லை.

விஷக் கிண்ணம் நம் காலத்தில் வந்தது. இதே கடலூர் ஜில்லாவில், விருத்தாசலத்தை அடுத்த ஒரு கிராமத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த இன்ஜினியரிங் பட்டதாரி ஒருவரும் வேறு ஜாதிப் பெண் ஒருவரும் காதலித்தார்கள். 2003 மே மாதம் கடலூரில் சட்டப்படி மணத்தைப் பதிவு செய்தார்கள். ஜூலையில் பெண் வீட்டார் இருவரையும் பிடித்து, விஷம் புகட்டிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். 2021 செப்டம்பர் 24-ந் தேதி கடலூர் தனிக் கோர்ட்டு 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. பெண்ணின் அண்ணனுக்குத் தூக்கு. தகப்பனாரும் போலீசார் இருவரும் உள்ளிட்ட 12 பேருக்கு ஆயுள் தண்டனை. 2022-இல் ஐகோர்ட்டு தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தண்டனையை உறுதி செய்தது. இதற்கு ஆன காலம் ஏறக்குறைய 22 வருஷம்!

இதைச் சிலர் கௌரவக் கொலை என்கிறார்கள். பெற்ற பெண்ணின் வாயில் விஷம் ஊற்றுவதிலே கௌரவம் எங்கே இருக்கிறது? இது ஜாதித் திமிர்க் கொலை. இதைச் செய்தவர்களும் காதல் பாட்டுப் பிறந்த பாஷையைப் பேசுகிறவர்களே. செம்புலப் பெயனீரார் பாட்டைக் கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் அச்சடித்து, அடியில் ஜாதிப் பட்டத்தோடு உறவினர் பெயர்களை வரிசையாய்ப் போடுகிறோமே, அந்தப் பித்தலாட்டத்தின் முற்றிய ரூபந்தான் இது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ஆம் வருஷத் திருத்தம் இடம் கொடுத்துவிட்டது. வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தார் சம்மதமோ ஜாதியார் சம்மதமோ தேவையில்லை என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. சட்டம் வந்தாயிற்று, மனம்தான் வரவில்லை. மனத்தைக் கொண்டுவரத்தான் பாட்டு.

ஆகவே வாத்தியார்களுக்குச் சொல்லுகிறோம்: திணையும் துறையும் சொல்லிக் கொடுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தாய் இடத்தில் உன் தாய் இருந்தால் என்ன செய்வாள், நீயே இருந்தால் என்ன செய்வாய் என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேளுங்கள். வாலிபர்களுக்குச் சொல்லுகிறோம்: பாட்டில் வரும் தோழியைப்போல், ஜாதி விட்டு மணக்கும் நண்பனுக்குத் துணை நில்லுங்கள், பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட முதல் ஆளாய்ப் போங்கள். பெற்றோர்க்குச் சொல்லுகிறோம்: உங்கள் பெண் ஒருவனை விரும்புகிறேன் என்று சொல்லும் நாள் வரும். அன்றைக்கு ஜாதிக்காரனைக் கூப்பிடாதீர்கள், ஜோசியனையும் கூப்பிடாதீர்கள். அந்தப் பெண்ணையே பக்கத்தில் உட்காரவைத்து, அவன் எப்படிப்பட்டவன் என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்தான் அகப்பாட்டைப் படித்தவர்.