கிண்ணத்துத் தண்ணீரும் உஷ்ணமானியும்

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் எங்கள் தெருக் கோடியிலுள்ள மிட்டாய்க் கடைக்காரர் வாசலில் பந்தல் போட்டு, விளக்குத் தோரணமும் கட்டிவிட்டார். சென்ற ஆண்டு அந்தப் பந்தலின் கீழே வரிசையில் நின்று ஒரு பெட்டி அதிரசம் வாங்கி வந்தவர்களில் நானும் ஒருவன். இந்த ஆண்டு நிற்கப் போவதில்லை. கடைக்காரர்மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. சிக்கனம் என்றும் சொல்வதற்கில்லை. காரணம் என் தாயாரின் கண்கள்.

என் தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. சுமார் அறுபது தீபாவளிகளுக்கு அவர் கையால் அதிரசம் சுட்டிருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கண்ணில் நீர் அழுத்தம் கண்டது. இந்த நோயினால் போன பார்வை திரும்பி வருவதில்லை. இருக்கிற பார்வையைத்தான் மருந்து விட்டுக் காப்பாற்றிக் கொள்ள வேண்டும். ஆகவே சென்ற ஆண்டு அவர் வாணலியின் பக்கம் போகவில்லை. கடை அதிரசத்தில் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக் கொண்டு, "நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். மறு விள்ளல் எடுக்கவில்லை.

அன்று இரவு எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் வீட்டு அதிரசம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் மனைவியும் உத்தியோகம் பார்க்கிறவள். மாமியார் இருக்கும்போது அடுப்படியில் அந்த ஒரு பக்ஷணத்துக்கு மட்டும் எட்டி நின்றே பழகிவிட்டாள். நானோ இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ரசாயனம் போதிக்கிறவன். என் வீட்டு ரசாயனத்தை ஒரு நாளும் எழுதி வைத்துக் கொண்டதில்லை. மறுநாளே நோட்டுப் புத்தகமும் பென்ஸிலுமாகத் தாயார் முன்னால் உட்கார்ந்தேன்.

"அம்மா, வெல்லம் எவ்வளவு போட வேண்டும்?"

"திட்டமாய்ப் போட வேண்டும்."

"எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும்?"

"பதம் வருகிற வரையில்."

"பதம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?"

"வந்தால் தெரியும், போடா!"

பரீட்சையில் ஒரு மாணவன் இப்படி மூன்று விடை எழுதியிருந்தால் மூன்றுக்கும் பூஜ்யம் போட்டிருப்பேன். ஆனால் இங்கே பரீட்சை எழுதுகிறவன் நானல்லவா? ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன்.

பாகு என்பது என்ன? சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த கரைசல். வெறும் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். எவ்வளவுதான் தீயை மூட்டினாலும் அதற்கு மேல் சூடேறாது. சர்க்கரை கலந்தால் கொதிநிலை உயரும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. சர்க்கரையின் பங்கு அதிகமாகிறது. உஷ்ணமும் படிப்படியாக ஏறுகிறது. ஆகையால் பாகின் உஷ்ணத்தை அளந்துவிட்டால், அதில் சர்க்கரை எத்தனை பங்கு என்பதை அளந்தது போலவே ஆகும். பாட்டிமார்கள் பதம் என்று சொன்னது இதைத்தான். 105 டிகிரியை ஒட்டி ஒற்றைக் கம்பி. 112 முதல் 116 வரையில், தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும் பதம். அதில் நூற்றுக்கு 85 பங்கு சர்க்கரை. 121 முதல் 130 வரையில் கெட்டி உருண்டை. 146 முதல் 154 வரையில், ஒடித்தால் படீரென்று முறியும் பதம். அப்போது தண்ணீர் அநேகமாக முழுவதும் போய்விட்டது என்று அர்த்தம்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு கர்வத்துடன் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்து உஷ்ணமானியை எடுத்துப் பார்த்தேன். அதன் கோடுகள் 110 டிகிரியோடு முடிந்துவிட்டன! என் தாயாரின் பாகு அதையும் தாண்டிப் போகிறது. தாண்டினால் கண்ணாடிக் குழாய் வெடிக்கும். பாதரசம் பாகில் கலந்தால் விபரீதம். பள்ளிக்கூடத்து உஷ்ணமானியைச் சமையலறைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்பதை இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். சமையலுக்கென்றே இரும்புக் கம்பி வைத்து விற்கிற உஷ்ணமானி ஒன்று வாங்கி வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பரீட்சை ஆரம்பமாயிற்று. என் மனைவி அடுப்பைக் கவனித்தாள். தாயார் மணையில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக் கொண்டார். பதினான்கு வயதுப் பெண் கரண்டியினால் ஒரு சொட்டுப் பாகை எடுத்துக் கிண்ணத்தில் விட, பாட்டி அதைத் தண்ணீருக்குள்ளேயே விரலால் கூட்டிப் பார்ப்பார். "கரைந்து போகிறது. இன்னும் ஆகட்டும்." சற்றுக் கழித்து, "கூடுகிறது, நிற்கவில்லை." பிறகு ஒரு சொட்டை உருட்டி எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தி, "இதோ பார், பழுத்த தக்காளி போல இருக்கிறதா? இறக்கு, இறக்கு!" என்றார்.

உஷ்ணமானியைப் பார்த்தேன். 114 டிகிரி.

நோட்டுப் புத்தகத்தில் 114 என்று எழுதி இரண்டு கோடும் போட்டேன். தாயாரின் வித்தை என் கைக்கு வந்துவிட்டதென்று எண்ணிக் கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு கடை வெல்லத்தை வாங்கி, 114 வந்ததும் சட்டென்று இறக்கினேன். கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்ட தாயார், "ஏண்டா, இது இன்னும் இளம் பாகு! இந்த மாவு எண்ணெயில் போட்டால் பிரிந்து போகும்" என்றார். நான் கேட்கவில்லை. மறுநாள் பிரிந்துதான் போயிற்று. எண்ணெய் முழுவதும் துகள். அதை வடிகட்டுகிற வேலை எனக்கே கிடைத்தது.

வடிகட்டிக் கொண்டே யோசித்தேன். மேலே சொன்ன எண்களெல்லாம் சுத்தமான வெள்ளைச் சர்க்கரைக்கு ஏற்பட்டவை. வெல்லத்தில் வேறு சில சர்க்கரைகளும், உப்புக்களும், ஈரமும் கலந்திருக்கின்றன; ஊருக்கு ஊர், ஆலைக்கு ஆலை அது மாறும். ஆகவே உஷ்ணமும் சில டிகிரி முன்பின்னாகும். இதுகூடப் போகட்டும். உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீரே ஏறக்குறைய 93 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே போய் நான் 114-க்குக் காத்திருந்தால் பாகு முற்றிக் கல்லாகிவிடும். தாயாரின் கிண்ணத்துத் தண்ணீருக்கு மலையும் ஒன்றுதான், மடுவும் ஒன்றுதான். அது உஷ்ணத்தைக் கேட்பதில்லை, "ஆறினால் நீ எப்படி இருப்பாய்?" என்று பாகையே நேராகக் கேட்கிறது. இதைவிடச் சிறந்த ஆய்வுக் கருவியை நான் என் மாணவர்களுக்குக் காட்டியதில்லை.

ஆகவே உஷ்ணமானி இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கைராசி என்று ஒன்று உண்டு, அது சிலருக்குத்தான் வாய்க்கும் என்று எண்ணிப் பின்வாங்கவும் வேண்டாம். கீழே நான்கு தித்திப்புக்களைச் சொல்கிறேன். வரிசையாகச் செய்து பாருங்கள். ஒவ்வொன்றும் அடுத்ததற்குப் பாடம்.

முதலாவது மாலாடு, இதற்குப் பாகே கிடையாது. பொட்டுக்கடலை 200 கிராம், சர்க்கரை 175 கிராம், இரண்டையும் தனித்தனியே பொடித்துச் சலித்து, ஏலப்பொடி சேர்க்கவும். நெய் 100 கிராம் சூடாக உருக்கிச் சிறிது சிறிதாக விட்டு, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிக்கவும். நெய் ஆறினால் உருண்டை உதிரும், அவ்வளவுதான் ரகசியம்.

இரண்டாவது தேங்காய் பர்பி. ஒற்றைக் கம்பி பழகுவதற்கு இதுவே சரி. துருவிய தேங்காய் ஒரு கிண்ணம், சர்க்கரை ஒரு கிண்ணம், தண்ணீர் கால் கிண்ணம். சர்க்கரை கரைந்து கொதித்தபின் கரண்டியிலிருந்து ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, சற்று ஆறியதும் இரு விரலால் தொட்டுப் பிரித்தால் ஒரு நூல் இழுபட வேண்டும். அப்போது தேங்காயைப் போட்டு, ஓரம் விட்டுப் பொங்கி வருகிற வரையில் கிளறி, நெய் தடவிய தாம்பாளத்தில் கொட்டிச் சூடு இருக்கும்போதே துண்டு போடவும்.

மூன்றாவது கடலை உருண்டை. வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 250 கிராம், வெல்லம் 150 கிராம். வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டவும். மண்ணும் சக்கையும் அதில் நிற்கும். பிறகு காய்ச்சிக் கொண்டே இருந்து, தண்ணீரில் விட்ட சொட்டு கெட்டியாகி, எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வந்ததும் அடுப்பை அணைத்து, சுக்குப்பொடியும் கடலையும் போட்டுக் கிளறவும். கையில் அரிசி மாவு தொட்டுக் கொண்டு விரைவாக உருட்டவும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊர்ப் புகழுக்கு நம் உருண்டை போட்டியில்லை என்றாலும், மாலையில் பசியோடு வரும் பிள்ளைகள் குறியீடு கேட்பதில்லை.

நான்காவதுதான் அதிரசம். பழைய பக்ஷணம் இது. விஜயநகர காலத்துத் திருமலைக் கல்வெட்டுக்களிலேயே அதிரசம் நைவேத்தியமாகப் பேசப்படுகிறது. பச்சரிசி 500 கிராம் எடுத்து இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பவும். தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. அந்த நிலையில் இடித்துச் சலிக்கவும். கடை அரிசி மாவு இதற்கு உதவாது; அதில் ஈரம் இல்லை. வெல்லம் 400 கிராம் கரைத்து வடிகட்டித் தக்காளிப் பதத்தில் இறக்கி, ஏலம், சுக்குத் தட்டிப் போட்டு, மாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கிளறவும். மேலே ஒரு கரண்டி நெய் விட்டு மூடி ஒரு நாள் வைக்கவும். பிறகு தட்டி, மிதமான தீயில் சுட்டு, இரண்டு கரண்டிக்கு நடுவே அழுத்தி எண்ணெயை வடிக்கவும்.

தவறிப் போனால் பயப்பட வேண்டாம். தீயாத வரையில் முற்றிய பாகு பாழானதல்ல. கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி கரைத்துக் காய்ச்சினால் பழைய நிலைக்கு வந்துவிடும். அதிரச மாவு இறுகியிருந்தால் வெதுவெதுப்பான பால் சிறிது தெளித்துப் பிசையலாம். தளர்ந்திருந்தால் ஈர மாவு கொஞ்சம் சேர்க்கலாம். ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். கொதிக்கும் தண்ணீரைவிடக் கொதிக்கும் பாகு பொல்லாதது; பட்ட இடத்தில் ஒட்டிக் கொண்டு சுடும். சிறு குழந்தைகளை அடுப்பண்டை விடக் கூடாது. சொட்டைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் விரல் வைக்க வேண்டும்.

வெல்லம் உடம்புக்கு நல்லது, ஆகையால் எவ்வளவு தின்றாலும் தோஷமில்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரையே. உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட யோசனைப்படி, ஒரு நாள் உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாகவே இத்தகைய சர்க்கரை இருக்க வேண்டும். சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு அது சுமார் 50 கிராம். இருபதில் ஒரு பங்கானால் இன்னும் நல்லது. வீட்டில் செய்வதில் இதற்கும் ஓர் அனுகூலம் உண்டு: எவ்வளவு போட்டோம் என்பது நமக்குத் தெரியும். ஒரு நாள் பாடுபட்டு முப்பது அதிரசம் சுட்டவர்கள், அதை எண்ணித்தான் சாப்பிடுவார்கள்; எண்ணித்தான் கொடுப்பார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மூன்றாந் தடவை பாகு வைத்தோம். இந்தத் தடவை நான் அடுப்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். உஷ்ணமானியும் என்னோடு வெளியேதான் இருந்தது. பெண் சொட்டு விட்டாள். தானே விரலால் கூட்டினாள். "பாட்டி, இன்னும் நிற்கவில்லை" என்றாள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு சொட்டு, இன்னொன்று. பிறகு, "பாட்டி, வந்துவிட்டது!" என்று அவளே அடுப்பை அணைத்துவிட்டு, அந்த உருண்டையைப் பாட்டியின் விரல்களுக்கு நடுவில் வைத்தாள். தாயார் அதை ஒரு கணம் அழுத்திப் பார்த்தார்.

"எப்படியடி தெரிந்தது?" என்று உள்ளே எட்டிப் பார்த்து நான் கேட்டேன்.

"வந்தால் தெரியும், அப்பா" என்றாள்.

நோட்டுப் புத்தகத்தில் 114-க்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைத்தேன். உங்கள் வீட்டிலும் திட்டமாய்ப் போடு, பதம் வரட்டும் என்று சொல்கிற ஒருவர் இருந்தால், இந்தத் தீபாவளிக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்துக் கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். கடைப் பந்தல் அடுத்த ஆண்டும் இருக்கும்.