கத்தி உறையும் ஈரமும்

உழ்ஹிய்யா முடிந்ததும் கத்தியைக் கழுவி, தோலுறையில் செருகிப் பரணில் வைத்துவிடுகிறோம். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்தால் அலகெல்லாம் துரு! கத்தியைத் தீட்டிக்கொள்ளும்படி மார்க்கம் பணிப்பது பிராணி வேதனைப்படாதிருக்கவல்லவா?

தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பதனிட்ட உப்பும் அமிலமும் இரும்பை அரிக்கும். ஆகவே கத்தியை நன்கு துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றித் தனியாக வையுங்கள்.

உறையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைப்போரும் உண்டு. தோல் துவண்டு, கத்திமுனை துளைத்துக்கொண்டு வெளியே வரும். என் பெருவிரல் தழும்பு அப்படி வந்ததுதான்.

நனைந்த உறையை அடுப்பருகே வைத்தால் சுருங்கி வெடிக்கும். நிழலில் காயட்டும். பிறகு தேன்மெழுகை வெளிப்புறத்திலும், முக்கியமாகத் தையலிலும் தேய்த்து, சற்று வெயில் காட்டி, மெழுகு இளகியதும் துணியால் அழுத்தித் துடையுங்கள். மழைக்காலத்திற்கு முன் மீண்டும் ஒருமுறை செய்தால் போதும்.