கேட்காமல் நுழையும் துப்பாக்கி

வழிபாடு நடந்துவரும் ஓர் உண்மையான கோயிலையோ பள்ளிவாசலையோ தேவாலயத்தையோ அச்சு அசலாக நகலெடுத்து, அதை வீடியோ விளையாட்டொன்றின் துப்பாக்கிச் சண்டைக் களமாக்க விரும்பும் நிறுவனம், அந்த இடத்தைப் பராமரிப்பவர்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். இன்றைய நடைமுறை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. விளையாட்டு முதலில் விற்பனைக்கு வருகிறது. மனம் புண்பட்டவர்கள் பிறகு கொதிக்கிறார்கள். கொதிப்பு போதிய அளவு பெரிதானால் மன்னிப்போ திருத்தமோ கிடைக்கிறது. கூட்டம் சேர்க்க இயலாத சிறு சமூகங்களுக்கு இந்த ஏற்பாட்டில் நியாயம் கிடைக்காது என்பதைக் கொச்சியின் மட்டாஞ்சேரி தெளிவாகவே உணர்த்துகிறது.

2002-இல் வெளியான 'ஹிட்மேன் 2' விளையாட்டின் ஒரு பகுதி பஞ்சாபில் நிகழ்வதாக அமைந்திருந்தது. பொற்கோயிலை ஒத்த கட்டடத்தில் சீக்கியர்கள் கொல்லப்படும் காட்சிகள் அதில் இருந்ததால், 1984 ஜூனில் பொற்கோயிலில் நடந்த ராணுவ நடவடிக்கையின் காயம் ஆறாத சீக்கியர்கள் பல நாடுகளில் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன் பிறகே அப்பகுதிகளை நீக்கிய பதிப்பு வந்தது. 2007 ஜூனில் இங்கிலாந்திலும் இதே கதை. சோனி நிறுவனத்தின் 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்', துப்பாக்கி ஏந்தியவனின் கண்வழியாகவே ஆடுபவர் எல்லாவற்றையும் பார்க்கும் 'ஃபர்ஸ்ட் பர்சன் ஷூட்டர்' வகையைச் சேர்ந்தது. அதில் வேற்றுக்கிரக உயிரினங்களுடனான சண்டை ஒன்று மான்செஸ்டர் பேராலயத்தின் நடுக்கூடத்துக்குள் நடந்தது. துப்பாக்கிக் குற்றங்கள் மலிந்திருந்த அந்த நகரில், சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் கூடிப் பிரார்த்திக்கும் இடமும் அதே பேராலயம்தான். தேவையான அனுமதிகளையெல்லாம் பெற்றுவிட்டதாகவே நம்புவதாக முதலில் கூறிய சோனி, விவகாரம் நாடாளுமன்றம் வரை சென்ற பின்னர் வருத்தம் தெரிவித்ததே ஒழிய, விளையாட்டைத் திரும்பப் பெறவில்லை. புனித இடங்களை நகலெடுக்க விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும் என்ற வழிகாட்டு நெறிகளைப் பேராலயமே பின்னர் வகுத்து வெளியிட்டது. அந்தக் கோரிக்கை இன்றும் கோரிக்கையாகவே நிற்கிறது.

பொற்கோயிலுக்கு உலகெங்கும் பரவிய சமூகம் இருந்தது. மான்செஸ்டருக்கு இங்கிலாந்துத் திருச்சபை இருந்தது. மட்டாஞ்சேரிக்கு யார் இருக்கிறார்கள்? ஜூ டவுன் தெருவின் கோடியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெப ஆலயத்தை 1662-இல் போர்த்துக்கீசியர் தாக்கிச் சேதப்படுத்தினர். மறு ஆண்டு கொச்சி டச்சுக்காரர் வசமான பிறகுதான் அது மீண்டும் எழுந்தது. அதன் தரையில் பதித்துள்ள நீல வெள்ளை ஓடுகள், எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் 18-ஆம் நூற்றாண்டில் சீனத்தின் கான்டனிலிருந்து தருவித்தவை. கையால் வரையப்பட்டவை என்பதால் ஓர் ஓட்டைப் போல் இன்னோர் ஓடு இராது. வருகிறவர் எந்த மதத்தவராயினும் காலணியைக் கழற்றிவிட்டே அவற்றின் மீது நடக்கிறார். பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்களை மென்பொருளால் கோத்து முப்பரிமாண உருவமாக்கும் 'ஃபோட்டோகிராமெட்ரி' முறையால் இந்தத் தரையை ஓடு ஓடாக நகலெடுக்கலாம். ஒவ்வொரு குண்டுக்கும் ஓர் ஓடு எப்படிச் சிதறும் என்பதைக்கூட இன்றைய விளையாட்டுகளால் காட்ட முடியும். அப்படி ஒருநாள் நடந்தால் தடுத்துக் கேட்க அங்கே ஆளில்லை. யூத மரபில் கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேராவது வேண்டும். அந்த எண்ணிக்கையை 'மின்யான்' என்பர். 1950-களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, எஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்ட நிலையில், உள்ளூரில் ஒரு மின்யானுக்கே வழியில்லாத சமூகம் எந்த ஊர்வலத்தை நடத்தப்போகிறது?

ஈழத்தில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியின் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1995 ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் மீது விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் வெடித்த குண்டை உலகமே அறியும். காத்தான்குடிப் பள்ளிவாசலின் சுவரில் குண்டுத் துளைகள் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டுள்ளன. அந்தத் துளைகளை ஒரு வடிவமைப்பாளர் தத்ரூபத்துக்காக நகலெடுத்து, அவற்றின் முன்னே ஆடுபவரின் கையில் துப்பாக்கியைக் கொடுப்பாரானால், தந்தையை அங்கே பறிகொடுத்தவருக்கு அது வெறும் கற்பனை என்று எவராலும் விளக்கிவிட முடியாது. இது மிகையான அச்சமும் அன்று: 2019-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட நிகழ்வை, 'ரோப்ளாக்ஸ்' தளத்தில் சிலர் விளையாட்டாகவே மறுஉருவாக்கம் செய்தனர்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானவையும் உண்டு. வன்முறை விளையாட்டுகள் ஆடுபவரைக் கொலைகாரராக்குகின்றன என்பது நிறுவப்படாத கூற்று. இங்கே முன்வைக்கப்படும் வாதம் அதை நம்பியிருக்கவும் இல்லை. கற்பனைக்கு வேலி போடக் கூடாது என்பதும் சரியே. 2017-இல் வந்த 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' மேற்குத் தொடர்ச்சி மலையில் ஹொய்சளச் சாயலுள்ள இடிபாடுகளைப் படைத்து அவற்றினூடே சண்டைகளை நடத்தியது, ஆனால் உண்மையான ஹொய்சளக் கோயிலான பேலூர் சென்னகேசவர் சந்நிதியில் அது யாரையும் சுட வைக்கவில்லை. நகலெடுப்பதே குற்றமும் ஆகாது. மட்டாஞ்சேரியின் இன்னொரு யூத ஆலயமான கடவும்பாகத்தின் உள்ளலங்கார மரவேலைகள் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. எஞ்சிய கட்டடத்தின் ஒரு பகுதி 2019 செப்டம்பரில் இடிந்து விழுந்தது. நுட்பமான டிஜிட்டல் பிரதி ஒன்று முன்பே உருவாக்கப்பட்டிருந்தால் அது பெரும் கொடையாக இருந்திருக்கும். திரைப்படங்களிலும் இத்தகைய காட்சிகள் உண்டே என்று சுட்டிக்காட்டுவோர் ஒன்றை மறக்கிறார்கள்: படப்பிடிப்புக் குழு நேரில் வந்து வாசலில் நின்று அனுமதி கேட்டாக வேண்டும், தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் அதற்கு உரிமமும் வேண்டும். விளையாட்டு நிறுவனத்துக்கு வாசலே குறுக்கிடுவதில்லை.

இந்தியாவில் சட்டமும் இதற்குத் துணை வராது. பழங்கட்டடங்களுக்குப் பதிப்புரிமை கிடையாது. திரைப்படத்துக்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கை உண்டு. வீடியோ விளையாட்டுக்கு அத்தகைய வாரியம் இல்லை. 2025-இல் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டத்தின் முதன்மை நோக்கம் பணம் வைத்து ஆடுவதைத் தடுப்பதே. எஞ்சியிருப்பது, மத உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு. அதைக் கையிலெடுப்பது தவறான வழி. அச்சட்டம் உரக்கக் கத்துபவருக்குத்தான் பயன்பட்டு வந்திருக்கிறது, மௌனமான சிறுபான்மைக்கு அன்று.

கேரள அரசு அனிமேஷன், கேமிங் உள்ளிட்ட துறைகளை வளர்க்க 2024-இல் தனிக்கொள்கை வகுத்துள்ளது. வழிபாட்டிலுள்ள உண்மையான ஆலயத்தை வன்முறைக் காட்சிக்குப் பயன்படுத்தும் எந்தப் படைப்பும் அதன் நிர்வாகத்தின் எழுத்துபூர்வமான சம்மதமின்றி அரசின் நிதியையோ சலுகையையோ பெற முடியாது என்ற நிபந்தனையை அக்கொள்கையில் சேர்க்க வேண்டும். படுகொலை நடந்த இடமானால் உயிர் பிழைத்தோரின், உறவினரின் சம்மதமும் தேவை என்றாக வேண்டும். கொச்சியின் விளையாட்டு நிறுவனங்கள் சட்டத்துக்குக் காத்திராமல் இதைத் தாமாகவே அறிவிக்க வேண்டும். தமிழ்நாடும் பின்தொடர வேண்டும்.